முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்கு டிசைன் திங்கிங் கற்பிப்பது எப்படி? பத்து வாரத்துக்கான முழு வழிகாட்டி

பிளஸ் டூ முடித்து வரும் மாணவர்கள் இரண்டு வருடமாக விடைக்குறிப்பு உள்ள கேள்விகளை மட்டுமே பார்த்தவர்கள். அந்தக் கேள்விகளில் தேவையான எண்கள் எல்லாம் இருக்கும். தேவையில்லாத எண் ஒன்றுகூட இருக்காது. கடைசியில் ஒரே ஒரு விடை வரும். அப்படிப் பழகியவர்களிடம் "சமுதாயத்துக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு பிராஜெக்ட் செய்யுங்கள்" என்று சொன்னால், அன்று மாலையே கூகுளில் தேடி மூன்று யோசனைகளோடு வந்துவிடுவார்கள்: ஸ்மார்ட் டஸ்ட்பின், பார்வையற்றவர்களுக்கான சென்சார் கைத்தடி, ஆள் வந்தால் எரியும் தெருவிளக்கு. போன வருட பேட்ச்சும் இதையேதான் செய்தது. குப்பை அள்ளுபவரிடமோ பார்வையற்ற ஒருவரிடமோ பத்து நிமிடம் பேசினீர்களா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அவர்களுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. சிக்கல் எது என்று தேடிப்போகும் பழக்கம்தான் இல்லை. டிசைன் திங்கிங் என்பது பயனரைப் புரிந்துகொண்டு, சிக்கலை வரையறுத்து, தீர்வுக்கு மாதிரி செய்து சோதித்துப் பார்க்கும் வடிவமைப்பு முறை. அதனால் என் கணக்கில், இந்தப் பாடத்தின் பாதி நேரம் வகுப்பறைக்கு வெளியே, எந்த யோசனையும் பிறப்பதற்கு முன்பே செலவாக வேண்டும். கீழே உள்ள திட்டம் முழுவதும் அந்த எண்ணத்தில் போடப்பட்டதுதான். வாரம் இரண்டு மணி நேரம், பத்து வாரம், 60 பேர் கொண்ட வகுப்பு, ஐந்து பேர் வீதம் 12 குழுக்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஏன் முதலாண்டிலேயே?

இங்கிலாந்தைச் சேர்ந்த வடிவமைப்பு ஆய்வாளர் பிரையன் லாசன் 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வண்ணக் கட்டைகளை அடுக்கும் ஒரு புதிரைக் கட்டடக்கலை மாணவர்களுக்கும் அறிவியல் மாணவர்களுக்கும் கொடுத்தார். புதிரில் ஒரு விதி மறைந்திருந்தது. அறிவியல் மாணவர்கள் முதலில் அந்த விதியைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். கட்டடக்கலை மாணவர்கள் நல்ல அடுக்கு ஒன்றைச் செய்து பார்த்து, அது பலிக்காவிட்டால் அடுத்ததைச் செய்தார்கள். இந்த வித்தியாசம் பல வருடம் படித்து முடித்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் அப்படித் தெரியவில்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது படிப்புதான். நான்காம் ஆண்டு பிராஜெக்ட் சமயத்தில் டிசைன் திங்கிங் பட்டறை நடத்துவதைவிட முதல் செமஸ்டரிலேயே தொடங்குவது மேல் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

தொடங்கும் முன் ஆசிரியர் செய்ய வேண்டியவை

முதல் வேலை, களத்தைத் தேர்ந்தெடுப்பது. "விவசாயிகளின் பிரச்சினை", "போக்குவரத்து நெரிசல்" மாதிரி பெரிய தலைப்புகளைத் தொடாதீர்கள். பத்து வாரத்தில் மாணவர்கள் நாலு முறையாவது போய் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அதற்குக் கல்லூரி வளாகமே போதும். மெஸ், தட்டு கழுவும் இடம், ஜெராக்ஸ் கடை, கல்லூரிப் பேருந்து நிறுத்தும் இடம், லேப் ஸ்டோர்ஸ், தோட்டம், வாட்ச்மேன் அறை, நூலகத்தில் புத்தகம் திரும்ப அடுக்கும் அலமாரி என்று 12 குழுக்களுக்கு 12 இடங்கள் எளிதாகக் கிடைக்கும்.

அடுத்தது அனுமதி. ஹவுஸ்கீப்பிங், மெஸ், செக்யூரிட்டி வேலைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். "இது கஷ்டமாக இருக்கிறது" என்று ஒரு மாணவனிடம் சொன்னது சூப்பர்வைசர் காதுக்குப் போனால் அவர்களுக்குத்தான் சிக்கல். அதனால் மேலாளரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். இது யாரையும் குறை சொல்லும் வேலை இல்லை, அறிக்கையில் யார் பெயரும் இருக்காது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாணவர்களுக்கும் விதி போடுங்கள்: பெயர் எழுதக்கூடாது, கேட்காமல் போட்டோ எடுக்கக்கூடாது, அவர்கள் வேலை நேரத்தில் நிறுத்தி வைத்துப் பேசக்கூடாது, "வேண்டாம்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

மூன்றாவது, குழுக்களை நீங்களே பிரித்துவிடுங்கள். அவர்களிடம் விட்டால் ஒரே பள்ளியில் படித்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். தமிழ்வழியில் படித்தவர், ஆங்கிலவழியில் படித்தவர், விடுதி மாணவர், தினமும் பேருந்தில் வருபவர் எல்லாம் கலந்திருக்க வேண்டும். களக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம் என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மெஸ் அக்கா பேசியதை உடனே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், எல்லார் நோட்டிலும் "தி வொர்க் இஸ் வெரி டிஃபிகல்ட்" என்ற ஒரே வரிதான் இருக்கும். "குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள இடுப்பு புடிச்சுக்குது" என்று அவர் சொன்னது காணாமல் போய்விடும். ஆங்கிலத்தில் திணறும் மாணவர் இந்த வேலையில்தான் முதல்முறையாகக் குழுவில் முக்கியமானவர் ஆகிறார்.

முதல் வாரம்: பை

ஐந்து படிகளை ஸ்லைடில் காட்டித் தொடங்காதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய அந்த ஐந்து படிகள், அதாவது பயனரைப் புரிந்துகொள்வது, சிக்கலை வரையறுப்பது, யோசிப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது, மனப்பாடத்துக்கு மிக வசதியானவை. ஸ்லைடில் காட்டினால் அடுத்த நிமிடமே அவை இரண்டு மார்க் கேள்வி ஆகிவிடும். முதலில் செய்யட்டும். பெயரை அப்புறம் சொல்லலாம்.

டி.ஸ்கூலின் பிரபலமான அறிமுகப் பயிற்சியில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் மற்றவருக்காக வாலட் ஒன்றை வடிவமைப்பார்கள். நம் முதலாண்டு மாணவர்களுக்குப் பை பொருத்தமானது. டிராயிங் ஷீட், மினி டிராஃப்டர், லேப் கோட், ரெக்கார்ட் நோட், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கூட்டமான பேருந்தில் நின்று வருகிறவர்கள் அவர்கள்.

முதல் ஐந்து நிமிடம்: "நல்ல காலேஜ் பை ஒன்றை வரையுங்கள்." எல்லாரும் வரைவார்கள். படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதை மடித்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்து பக்கத்தில் இருப்பவரைப் பேட்டி எடுக்கட்டும்: இன்று காலை வீட்டிலிருந்து வகுப்பு வரைக்கும் அந்தப் பையை என்னென்ன செய்தாய்? எங்கே வைத்தாய்? எப்போது திறந்தாய்? எதை எடுக்கக் கஷ்டப்பட்டாய்? ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். பிறகு அந்த ஒருவருக்காக மட்டும் பையை மறுபடி வரைந்து, பழைய செய்தித்தாள், செல்லோடேப், நூல் வைத்து அரை மணி நேரத்தில் ஒரு மாதிரி செய்து அவர் கையிலேயே கொடுக்கட்டும். அவர் அதைத் தோளில் மாட்டிப் பார்த்து என்ன சொல்கிறார் என்று எழுதட்டும்.

கடைசியாக முதல் படத்தை விரிக்கச் சொல்லுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நீங்கள் விளக்க வேண்டியது அதிகம் இருக்காது.

இரண்டாம் வாரம்: பார்க்கப் பழகுவது

நேரே களத்துக்கு அனுப்பினால் மாணவர்கள் கேள்விப் பட்டியலும் கூகுள் படிவமுமாகப் போய் நிற்பார்கள். அதற்கு முன் வெறுமனே பார்க்கப் பழக்க வேண்டும். ஒரு மணி நேரம் வெளியே அனுப்பி, யாரிடமும் பேசாமல், ஓரிடத்தில் நின்று நடப்பதை எழுதச் சொல்லுங்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு இடதுபக்கம் கண்ணால் பார்த்தது, வலதுபக்கம் தனக்குத் தோன்றியது. "அக்கா சோர்வாக இருந்தார்" என்பது வலதுபக்கம். "வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் கை ஊன்றி நின்றார், மூன்று முறை" என்பது இடதுபக்கம். இந்த ஒரு கோட்டை ஒழுங்காகப் போடக் கற்றுக்கொண்டாலே முதல் இரண்டு வாரம் வீண்போகவில்லை.

இன்னொன்றும் தேடச் சொல்லுங்கள். ஒட்டுப்போட்டு, கயிறு கட்டி, அட்டை சொருகி மக்கள் தாங்களே செய்துகொண்ட சின்னச்சின்ன ஏற்பாடுகள். ஆடாமல் இருக்க மேசைக் காலடியில் மடித்து வைத்த காகிதம், வழுக்காமல் இருக்கக் குழாய்ப் பிடியில் சுற்றிய ரப்பர் எல்லாம் இந்த வகை. அப்படி ஒன்று இருக்கும் இடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தேவை இருக்கிறது.

மூன்றாம், நான்காம் வாரம்: களம்

இங்கிருந்து ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். ஒரு குழுவுக்குக் கிடைத்த களம், துறைக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் குடிநீர் டிஸ்பென்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் கேனைத் தூக்கி, கவிழ்த்து, அதன் மேல் பொருத்த வேண்டும். ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் அதைச் செய்கிறார்.

மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இப்படித்தான் இருக்கும்: "அக்கா, கேன் தூக்க ஒரு மெஷின் இருந்தா உங்களுக்கு நல்லா இருக்குமா?" யார்தான் இல்லை என்பார்? "நல்லா இருக்கும் தம்பி" என்பார். அதோடு பேட்டி முடிந்தது. குழுவுக்குத் தான் ஏற்கெனவே நினைத்தது மட்டும் திரும்பக் கிடைத்திருக்கும்.

கேட்க வேண்டியது நடந்ததைப் பற்றி. "அக்கா, நேத்து கேன் மாத்துனீங்களே, அப்ப என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்றீங்களா?" பிறகு, "அதுக்கு முன்னாடி என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?" "அப்புறம்?" இந்த "அப்புறம்" என்ற ஒரு சொல் பத்து கேள்விகளுக்குச் சமம். "ரொம்பக் கஷ்டமா இருந்தது எந்த நாள்?" என்று கேட்டால் ஒரு குறிப்பிட்ட நாளும் அதன் கதையும் வரும். "பொதுவா எப்படி?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பதில் வந்தவுடன் அடுத்த கேள்விக்குத் தாவக்கூடாது. கொஞ்சம் பேசாமல் இருந்தால் முக்கியமானது அந்த இடைவெளிக்குப் பிறகு வரும்.

இப்படி இரண்டு முறை போய் வந்தால் குறிப்பேட்டில் வேறு மாதிரியான விஷயங்கள் சேரலாம். காலையில் தூக்குவதைவிட மத்தியானம் தூக்குவதுதான் சிரமம், ஏனென்றால் காலையில் உதவிக்கு அட்டெண்டர் அண்ணன் இருக்கிறார், மத்தியானம் யாரும் இல்லை. அந்த நேரத்தில் கேன் தீர்ந்தால், வழியில் போகும் மாணவர் யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது. அதனால் காத்திருக்கிறார், அதுவரை அந்த மாடியில் தண்ணீர் இல்லை. கவிழ்க்கும்போது சிந்தும் தண்ணீரைத் துடைப்பதும் அவர் வேலைதான். ஆக, குழு தேடிப்போனது பாரம் தூக்கும் சிக்கல். கையில் கிடைத்தது உதவி கேட்கவேண்டியிருக்கும் சிக்கல்.

இந்தக் கட்டத்தில் பொறியியலை உள்ளே கொண்டுவாருங்கள். பல டிசைன் திங்கிங் வகுப்புகள் இங்கேதான் தோற்கின்றன என்பது என் உறுதியான கருத்து. வண்ண வண்ண ஸ்டிக்கி நோட்டுகள் சுவர் முழுக்க இருக்கும், ஆனால் ஓர் எண்கூட இருக்காது. அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டுமே 20 கிலோ. டிஸ்பென்சரின் உயரம் எவ்வளவு? கை எங்கே பிடிக்கிறது? கேன் உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது?

அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய பாரம் தூக்கும் சமன்பாட்டை முதலாண்டு மாணவர்களே போட்டுப் பார்க்கலாம். எல்லாம் சாதகமாக இருக்கும்போது பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோ. அதை ஒவ்வொரு அசௌகரியத்துக்கும் ஒரு காரணியால் பெருக்கிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பிடி உடலிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால் 25/40, அதாவது 0.625. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் பிடித்துத் தூக்கத் தொடங்கினால் 0.865. மொத்தம் 75 செ.மீ. மேலே தூக்கினால் 0.88. பெருக்கினால் சுமார் 11 கிலோ வருகிறது. உடலைத் திருப்புவது, கேனில் சரியான பிடி இல்லாதது இரண்டையும் சேர்த்தால் இன்னும் குறையும். 20 கிலோ என்பது 23-க்குள்தானே என்று நினைத்திருந்த மாணவர், அது பரிந்துரைக்கப்பட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தானே கண்டுபிடிக்கிறார். அக்கா தன் கஷ்டத்தைப் பற்றிச் சொன்ன வரிக்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

களத்துக்குப் போகாமல் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வகுப்பில் ஓர் உதாரணம் காட்டலாம்: ஆப்பிரிக்காவின் பிளேபம்ப். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். கேட்கவே அழகாக இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. ஒரு பம்ப் மணிக்கு 1,400 லிட்டர் இறைக்கும், 2,500 பேருக்குப் போதும் என்பது கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று வைத்து வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் நாளுக்கு ஏறக்குறைய 27 மணி நேரம் விளையாட வேண்டும். 2009-இல் கார்டியன் பத்திரிகையில் இந்தக் கணக்கு வெளிவந்தது. குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்கள்தான் அந்த ராட்டினத்தைக் கையால் சுற்றினார்கள். ஒரு வகுத்தல் கணக்கும் ஒரு கிராமத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பதும் இதை முன்பே சொல்லியிருக்கும்.

ஐந்தாம் வாரம்: சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுவது

முழுப் பாடத்திலும் கடினமான வாரம் இதுதான். அவசரப்படாதீர்கள்.

வாக்கியத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: யார், எந்தச் சூழ்நிலையில், என்ன செய்ய முடியாமல் இருக்கிறது, அதற்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்தோம். தீர்வின் பெயர் அதில் வரவே கூடாது. "தானியங்கி கேன் தூக்கி இல்லை" என்று எழுதினால் அது தீர்வை ஒளித்து வைத்த வாக்கியம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் குழுவின் முதல் வரைவு இப்படி இருக்கும்: "ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்குக் கேன் தூக்குவது கஷ்டம்." யார் என்பதும் எப்போது என்பதும் இல்லை. இரண்டாவது வரைவு: "மாடியில் வேலை செய்யும் ஊழியர் 20 கிலோ கேனைத் தனியாகத் தூக்கிக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது." பரவாயில்லை, ஆனால் களத்தில் கண்டுபிடித்தது இன்னும் உள்ளே வரவில்லை. மூன்றாவது: "மத்தியான நேரத்தில் மாடியில் தனியாக இருக்கும் ஊழியர், யாரிடமும் உதவி கேட்காமல், தரையில் தண்ணீர் சிந்தாமல் கேனை மாற்ற வழியில்லை. கேனை இடுப்புக்கு மேலே கொண்டுபோய்க் கவிழ்த்தே ஆகவேண்டிய அமைப்புதான் காரணம்." இதைப் படித்தவுடனே கை துறுதுறுக்கும். கேனைக் கவிழ்க்கத்தான் வேண்டுமா? மேலே கொண்டுபோகத்தான் வேண்டுமா? நல்ல வாக்கியத்துக்கு அதுதான் அடையாளம்.

சிக்கலை மாற்றி எழுதினால் தீர்வே மாறிவிடும் என்பதற்கு, எடை குறைந்த குழந்தைகளைச் சூடாக வைக்கும் எம்ப்ரேஸ் என்ற பை ஒரு நல்ல உதாரணம். ஸ்டான்ஃபோர்டில் 2007-இல் ஒரு மாணவர் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, மலிவான இன்குபேட்டர் செய்வது. குழுவிலிருந்து ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தபோது, மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாக இருந்தன. எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது தொலைவில், கிராமங்களில். அங்கிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் குளிர்ந்துவிடுகின்றன. சிக்கல் "இயந்திரத்தின் விலை" என்பதிலிருந்து "மின்சாரம் இல்லாத வீட்டில் தாயின் கையிலேயே குழந்தையைச் சூடாக வைப்பது" என்று மாறியது. கடைசியில் அவர்கள் செய்தது ஸ்லீப்பிங் பேக் மாதிரியான ஒரு சிறு பை. அதன் உள்ளே உருகி உறையும் மெழுகு போன்ற ஒரு பொருள், சுமார் 37 டிகிரி வெப்பத்தைப் பல மணி நேரம் காக்கிறது.

ஆறாம் வாரம்: யோசனைகள்

இதற்கு ஒரு வகுப்பு போதும். இரண்டு விஷயங்களில் மட்டும் உறுதியாக இருங்கள்.

ஒன்று, முதலில் தனித்தனியாக எழுத வேண்டும், பிறகுதான் குழுவாகப் பேச வேண்டும். குழுவாக உட்கார்ந்து கத்திச் சொல்லும் முறையில், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் யோசனையைப் பிடித்துவைத்துக் காத்திருந்து கோட்டைவிடுகிறார்கள். தனித்தனியாக யோசித்துச் சேர்த்தால்தான் எண்ணிக்கை கூடுகிறது என்று 1987-இல் உளவியலாளர்கள் டீல், ஸ்ட்ரோபே இருவரும் சோதித்துக் காட்டினார்கள். நம் வகுப்புகளில் இன்னொரு காரணமும் உண்டு: அதிகம் பேசாத மாணவியின் யோசனை, காகிதத்தில் இருந்தால்தான் மேசைக்கு வரும். ஆளுக்கு எட்டு கட்டம் மடித்த ஓர் ஏ4 தாள், எட்டு நிமிடம், கட்டத்துக்கு ஒரு படம்.

இரண்டாவது, இதற்கு முன் மாதிரித் தீர்வு எதையும் காட்டாதீர்கள். ஜான்சன், ஸ்மித் இருவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், வடிவமைக்கக் கொடுத்த மாணவர்களில் ஒரு பாதிக்கு முன்மாதிரிப் படம் ஒன்றும் காட்டினார்கள். படம் பார்த்தவர்கள் அதில் இருந்த குறைகளையும் சேர்த்தே தங்கள் வரைபடத்தில் கொண்டுவந்தார்கள். கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டதைக்கூட விடவில்லை. ஆகவே சந்தையில் என்ன இருக்கிறது என்ற தேடல் யோசனைகளுக்குப் பிறகுதான் வர வேண்டும். வரவும் வேண்டும்: கேனைச் சாய்த்து ஊற்றும் இரும்பு ஸ்டாண்ட், கேன் வாயில் பொருத்தும் கைப்பம்ப், கேனைக் கீழேயே வைக்கும் டிஸ்பென்சர் எல்லாம் கடைகளில் உண்டு. தெரிந்துகொண்டு, அவை ஏன் இந்த மாடியில் இல்லை என்று கேட்கட்டும். விலையா, சுத்தமா, யார் வாங்குவது என்பதா? அந்தப் பதிலும் ஒரு கண்டுபிடிப்புதான்.

ஒரு கட்டுப்பாடும் போடுவேன்: முதல் சுற்றில் செயலி கூடாது, சென்சார் கூடாது. செயலி என்று சொன்னவுடன் குழு களத்தை மறந்து லேப்டாப் முன் உட்கார்ந்துவிடும்.

ஏழு, எட்டாம் வாரம்: மாதிரி செய்வது

முதலாண்டு மாணவர்களுக்கு மாதிரி என்றாலே கண்காட்சியில் வைக்கும் தெர்மாகோல் மாடல்தான் மனதில் வரும். பச்சை வண்ணம் அடித்து, ஓரத்தில் பொம்மை மரம் வைத்து. அந்த எண்ணத்தை முதலில் கலைக்க வேண்டும். மாதிரி செய்வது ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான். கேள்வி என்ன என்று நோட்டில் எழுதாமல் யாரும் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது.

பாம்பைலட் கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன் அந்த அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து அதில் எழுதுவதுபோலச் செய்து பார்ப்பார். அவருடைய கேள்வி, இந்த அளவில் ஒன்றை நான் உண்மையிலேயே தினமும் எடுத்துப் பயன்படுத்துவேனா என்பது. அதற்கு மின்சுற்று தேவைப்படவில்லை.

நம் குழுவின் கேள்வி, கேனைத் தூக்காமல் சாய்த்தால் எவ்வளவு விசை போதும் என்பதாக இருக்கலாம். காலி கேன், இரண்டு நாற்காலி, கயிறு, பிவிசி குழாய், ஒரு ஸ்பிரிங் தராசு. 5, 10, 15 லிட்டர் என்று தண்ணீரைக் கூட்டிக்கொண்டே இழுத்துப் பார்க்கலாம். பிடிக்கும் இடத்தைச் சுழலும் அச்சிலிருந்து தள்ளத் தள்ள விசை குறைவதை அளந்து எழுதலாம். பிளஸ் ஒன்னில் திருப்புவிசை படித்தது இப்போது கைக்கு வருகிறது. குழுவுக்கு 200 ரூபாய்க்கு மேல் செலவு கூடாது என்று வரம்பு வையுங்கள். ஒர்க்‌ஷாப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி, துண்டுக் கம்பிகளையும் மரத்துண்டுகளையும் ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். ஏழாம் வாரத்தில் மூன்று மோசமான மாதிரிகள், எட்டாம் வாரத்தில் ஒன்று நன்றாக, என்பதுதான் வரிசை.

ஒன்பதாம் வாரம்: சோதனை

மாதிரியை அக்காவிடம் கொண்டுபோய் எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கத் தொடங்கினால் சோதனை கெட்டுவிடும். வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அக்கா, இதை வச்சு கேன் மாத்திப் பாக்குறீங்களா? எங்க கஷ்டமா இருக்கோ அது எங்க தப்பு, உங்க தப்பு இல்ல." பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் கையைப் பார்க்க வேண்டும். முதலில் எங்கே பிடித்தார், எங்கே தயங்கினார், எந்தக் காலை முன்னால் வைத்தார். பாதுகாப்புக்காகப் பாதி நிரப்பிய கேனில் தொடங்குங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

"நல்லா இருக்குதுப்பா" என்ற பதிலை நம்பக்கூடாது. பிள்ளைகள் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே என்று பாசத்தில் சொல்வது அது. இந்த இடத்தில் கோயம்புத்தூர் முருகானந்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள். மலிவு விலை சானிட்டரி நாப்கின் இயந்திரத்தை உருவாக்கி, 2016-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தொடக்கத்தில் தன் நாப்கின்களை மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துக் கருத்துப் படிவமும் கொடுத்தார். ஒரு நாள் போய்ப் பார்த்தால், சிலர் மட்டும் உட்கார்ந்து எல்லார் படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் படிவத்தைக் கைவிட்டார். கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடலிலேயே கட்டிக்கொண்டு சோதித்தார். பஞ்சு ஏன் உறிஞ்சவில்லை என்று தேடி, கடைசியில் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது மரக்கூழ் செல்லுலோஸ் என்று கண்டுபிடித்தார். கூகுள் படிவத்தில் 150 பேர் "ஆம்" என்று அழுத்தியிருக்கிறார்கள் என்று பெருமையாக வரும் குழுவுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சோதனை முடிந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டியது: உதவி இல்லாமல் மாற்ற முடிந்ததா, எத்தனை விநாடி, எவ்வளவு சிந்தியது, எத்தனை முறை பிடியை மாற்றினார். மாதிரி தோற்றால் நல்லது, தோற்ற காரணத்தைச் சரியாக எழுதினால் முழு மதிப்பெண். இதை வாயால் சொன்னால் போதாது, மதிப்பெண் பட்டியலில் இருக்க வேண்டும்.

மதிப்பெண்

மாணவர்கள் எதற்கு மார்க்கோ அதைத்தான் செய்வார்கள். கடைசி நாள் மாடலுக்கு 60, அறிக்கைக்கு 40 என்று வைத்தால், கடையில் ஆர்டர் கொடுத்து மாடல் வாங்கி வருவார்கள். நான் பரிந்துரைப்பது: களக் குறிப்பேட்டுக்கு 40, சிக்கல் வாக்கியம் வரைவுக்கு வரைவு எப்படி மாறியது, மாற என்ன ஆதாரம் என்பதற்கு 20, மாதிரிகளும் சோதனைப் பதிவுகளும் சேர்த்து 30, கடைசி விளக்கத்துக்கு 10. குறிப்பேடு அழகாக இருக்கத் தேவையில்லை. தேதி, நேரம், இடம், கேட்ட சொற்கள் அப்படியே, நடுக்கோடு, கையால் வரைந்த படம், எண்கள். தலைப்பு வண்ணத்தில் எழுதி அடிக்கோடிட்ட ரெக்கார்ட் நோட்டாக அது மாறினால் எச்சரிக்கையாகுங்கள், வீட்டில் உட்கார்ந்து ஒரே இரவில் எழுதியிருக்கிறார்கள்.

12 குழுக்களை ஒரே ஆசிரியர் பார்ப்பது கடினம்தான். வாரம் மூன்று குழுக்களை நிதானமாகப் பாருங்கள், சுற்றில் விடுங்கள். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் ஆசிரியரையும் ஆங்கில ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டால் பாதிச் சுமை குறையும்.

பத்தாம் வாரம்: ஒப்படைப்பு

கடைசி நாள் விளக்கத்துக்கு ஹெச்.ஓ.டி, முதல்வரோடு, களத்தில் பேசியவர்களையும் கூப்பிடுங்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஸ்லைடுகள் தமிழில் இருக்கட்டும், அவர்களுக்குப் புரிய வேண்டும். வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது, குழு அவர் இடத்துக்கே போய்க் காட்டிவிட்டு வரட்டும்.

மாதிரியை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டும் என்றால், பராமரிப்புப் பிரிவிடம் எழுத்தில் கொடுங்கள்: யார் கழுவுவது, ஆணி கழன்றால் யாரைக் கூப்பிடுவது, அடுத்த செமஸ்டரில் எந்தக் குழு வந்து பார்க்கும். வேண்டாம் என்றால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அன்றே எடுத்து வந்துவிட வேண்டும். உடைந்த பிவிசி குழாயும் கயிறும் அந்த மூலையில் கிடந்தால் அதைச் சுத்தம் செய்வதும் அவர் வேலையாகிவிடும்.

குறிப்பேடுகளைத் துறையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே டிஸ்பென்சரை வேறொரு குழு எடுக்கும்போது, அவர்கள் களத்துக்குப் போய் வந்து, சிக்கல் வாக்கியமும் எழுதி, எட்டுக் கட்டத் தாளையும் நிரப்பி முடித்த பிறகு பழைய குறிப்பேட்டைக் கையில் கொடுங்கள்.